கணக்குப் பிரிவு கடைசியில் மாறட்டும்

மத்திய அரசு ஊழியர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேரின் அலுவலக மின்னஞ்சல், சோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டுவிட்டது என்ற செய்தி 2025 அக்டோபரில் நாளிதழ்களில் வெளிவந்தபோது நம்மவர் பலர் பெருமிதம் கொண்டனர். சென்னையிலும் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் அலுவலகம் நடத்தும் ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் தில்லியின் கடிதங்கள் போய்வருகின்றன என்றால் மகிழாமல் இருக்க முடியுமா? ஆயினும் அந்தச் செய்தியில் எங்கள் கவனத்தை ஈர்த்தது வேறொன்று. பிரதமர் அலுவலகம் உட்பட இத்தனை பேரின் அஞ்சல் இடம் மாறிய பின்னும், ஜிஓவி.இன் என்றும் என்ஐசி.இன் என்றும் முடியும் அவர்களது முகவரிகள் மாறவில்லை. ஒப்பந்தம் வழங்கப்பட்டது 2023-இல். மாற்றம் நிகழ்ந்துவிட்டது என்று நாடு பரவலாக அறிந்தது 2025-இல். அரசுக்குக் கடிதம் எழுதும் பொதுமக்கள் தங்கள் முகவரிப் புத்தகத்தைத் திருத்த வேண்டிய தேவை எழவே இல்லை.

செம்பூர் திலக் நகரிலும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் இருபது, ஐம்பது, எண்பது பேர் பணிபுரியும் அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிப்பது எங்கள் தொழில். சரக்குப் போக்குவரத்து முகவர்கள், தணிக்கையாளர்கள், மருந்து விநியோகஸ்தர்கள், லோகமான்ய திலக் முனையத்துக்கு வந்திறங்கும் சரக்கை நம்பி வாழும் சிறு வணிகர்கள் ஆகியோரே எங்கள் வாடிக்கையாளர்கள். அவர்களுள் பலர் இப்போது ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: "மெயில் சர்வரை மாற்ற வேண்டும் என்கிறீர்களே, இந்தச் சனி ஞாயிறில் முடித்துவிட முடியுமா?" முடியும் என்று சொல்பவர்களும் சந்தையில் இருக்கின்றனர். ஐம்பது பேர் பணிபுரியும் அலுவலகத்தை ஒரே இரவில் மாற்றக் கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. அதைவிட உறுதியான இன்னொன்றும் உண்டு. பணம் பட்டுவாடா செய்யும் கணக்குப் பிரிவை எல்லாருக்கும் கடைசியில்தான் மாற்ற வேண்டும்.

மாற்றத்துக்கான நெருக்கடி பொய்யானது அன்று. அலுவலகத்தின் மூலையில், குளிர்சாதனப் பெட்டிக்கு நேர் கீழே, யுபிஎஸ் துணையோடு முனகிக்கொண்டிருக்கும் பழைய சர்வர்கள் எத்தனையோ இன்னும் உள்ளன. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தனது எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 ஆகிய இரு பதிப்புகளுக்கும் அளித்துவந்த ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. ஆதரவு நின்ற மென்பொருளில் ஓட்டை கண்டறியப்பட்டால் அதை அடைக்க எவரும் வரமாட்டார்கள். ஆகவே மாறத்தான் வேண்டும். எவ்வாறு மாறுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு.

இந்த நகரத்தில் முகவரி மாற்றம் ஒன்று மிக அழகாக நடந்தேறியிருக்கிறது. 1972 ஆகஸ்ட் 15-ஆம் நாள் நாடு முழுவதும் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது. அஞ்சல் துறையில் பணியாற்றிய ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் அதன் வடிவமைப்பாளர். அதற்கு முன்பே பம்பாயில் பகுதி எண்கள் வழக்கில் இருந்தன. மாட்டுங்காவுக்கு 19, செம்பூருக்கு 71. புதிய முறை அந்த எண்களைத் தூக்கி எறியவில்லை. மாட்டுங்கா 400019 ஆயிற்று. செம்பூர் 400071 ஆயிற்று. பழைய எண் புதிய எண்ணின் வாலில் உயிரோடு இருந்ததால், 'பம்பாய்-71' என்று பழக்கத்தில் எழுதிவிட்டவரின் கடிதத்தையும் எங்கே கொடுப்பது என்று தபால்காரருக்கு விளங்கும். புதியது வந்துவிட்டது என்பதற்காகப் பழையதை எழுதுபவரைத் தண்டிக்காத மாற்றம் அது. மின்னஞ்சல் மாற்றத்திலும் நாங்கள் நாடுவது இதையே.

அதற்கு மின்னஞ்சல் எவ்வாறு வீடு வந்து சேர்கிறது என்பதைச் சற்றே அறிந்திருக்க வேண்டும். உலகில் எங்கிருந்து ஒருவர் உங்கள் அலுவலகத்துக்கு அஞ்சல் அனுப்பினாலும், அவருடைய சர்வர் முதலில் உங்கள் டொமைன் பெயருக்குரிய பதிவேட்டைப் பார்க்கிறது. 'இந்தப் பெயருக்கு வரும் அஞ்சலை இன்ன சர்வரிடம் கொடு' என்று அங்கே ஒரு வரி இருக்கும். எம்எக்ஸ் பதிவு என்பது அதன் பெயர். அந்த வரி அலுவலகம் முழுமைக்கும் பொதுவானது. மேலாளருக்கு ஒன்று, காசாளருக்கு ஒன்று என்று தனித்தனியே எழுத முடியாது. ஆகவே, பாதிப் பேர் புதிய சர்வரிலும் மீதிப் பேர் பழைய சர்வரிலும் இருக்கும் வாரங்களில், எல்லா அஞ்சலும் ஒரே வாசலில் வந்து இறங்கும். அந்த வாசலில் இருக்கும் சர்வர், குடிபெயர்ந்தவர்களின் பட்டியலைப் பார்த்து, அவர்களுக்கு உரியவற்றை அடுத்த சர்வருக்கு அனுப்பிவைக்க வேண்டும். அதேபோல, புதிய சர்வருக்குச் சென்றுவிட்ட ஒருவர் பழைய சர்வரில் இருக்கும் சக ஊழியருக்கு எழுதினால், 'அப்படி ஒருவர் இங்கு இல்லை' என்று புதிய சர்வர் கடிதத்தைத் திருப்பிவிடக் கூடாது. தன்னிடம் இல்லாத பெயர் என்றால் பழைய சர்வரைக் கேட்க அதற்குக் கற்பிக்க வேண்டும். படிப்படியான மாற்றத்தின் மூல நுட்பம் இவ்வளவுதான். செய்வதற்கு அரை நாள். சோதித்துப் பார்ப்பதற்கு இரண்டு நாள். இந்தச் சோதனையில் சோம்பல் கொள்பவர்களே ஒரே இரவில் முடித்துவிடலாம் என்று ஆலோசனை கூறுகின்றனர் என்பது எங்கள் ஐயம்.

பதிவேட்டு வரியை உலகத்தின் பிற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதற்கும் ஒரு கால அளவு உண்டு. அது ஒரு நாளாக இருந்தால், நீங்கள் இன்று வரியைத் திருத்தினாலும் நாளை வரை சிலர் பழைய வாசலுக்கே வருவார்கள். இரண்டு மூன்று நாள் முன்னதாகவே அதை ஐந்து நிமிடமாகக் குறைத்து வைத்துவிட்டால், ஏதேனும் கோளாறு நேரும்போது விரைவில் பழைய நிலைக்குத் திரும்ப வழி கிடைக்கும்.

யார் முதலில் செல்வது? பல அலுவலகங்களில் முதலாளி முதலில் மாற விரும்புவார். மரியாதை கருதி மற்றவர்களும் அதற்கு இசைவர். எங்களுக்கு இதில் உடன்பாடு இல்லை. முதல் வாரத்தில் ஏற்படும் சில்லறைத் தொல்லைகளான கைப்பேசியில் கடவுச்சொல் ஏற்காமை, காலண்டரில் கூட்டங்கள் இருமுறை தோன்றுதல், பழைய கடிதத்துக்குப் பதில் எழுதினால் அது திரும்பிவருதல் ஆகியவற்றை முதலாளியே அனுபவித்தால், திட்டம் முழுவதும் அன்றைக்கே கைவிடப்படும். கணினியோடு பழக்கமுள்ள, குறையைப் பொறுமையாக எடுத்துச் சொல்லத் தெரிந்த ஐந்து பேர் முதலில் செல்லட்டும். அடுத்து விற்பனைப் பிரிவு. ஒரே பெட்டியைப் பலர் பகிர்ந்து பார்க்கும் இடங்களில் அந்தக் குழு பிரியாமல் ஒரே நாளில் சேர்ந்து மாற வேண்டும். பாதிப் பேரைப் பிரித்தால் 'நீ பார்த்தாயா, நான் பார்த்தேனா' என்ற குழப்பத்தில் ஒரு கொள்முதல் ஆணையே காணாமற்போகும்.

இடையில் ஒரு சிக்கலைத் தனியே குறிப்பிட வேண்டும். பழைய ஊழியர்கள் பலர் 'பாப்' என்னும் முறையில் அஞ்சலை இறக்கிக்கொள்கின்றனர். கடிதம் மேசைக் கணினிக்கு வந்து சேர்ந்ததும் சர்வரிலிருந்து அழிந்துவிடும் வகையில் அது அமைக்கப்பட்டிருக்கும். பத்தாண்டுக் கடிதப் போக்குவரத்து ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில் தங்கியிருக்கும். சர்வரிலிருந்து சர்வருக்குப் படியெடுக்கும் எந்தக் கருவியும் அந்தக் கணினிக்குள் எட்டிப் பார்க்காது. மாற்றம் முடிந்த பின் 'பழைய கடிதமெல்லாம் எங்கே?' என்ற குரல் எழுவது பெரும்பாலும் இதனால்தான். ஆகவே ஒவ்வொரு மேசையாகச் சென்று, ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. திலக் நகரின் பழைய வீட்டு வசதி வாரியக் கட்டடங்கள் மறுகட்டுமானத்துக்காக ஒவ்வொன்றாகக் காலியாவதைக் கண்டவர்களுக்கு இது புதிதாக இராது. எந்த வீட்டுப் பரணில் என்ன கிடக்கிறது என்பது அந்த வீட்டாருக்கு மட்டுமே தெரியும்.

ஒரே வீச்சில் மாற்றுவதன் விலையை உலகம் ஒருமுறை பெரிய அளவில் கண்டது. 2018 ஏப்ரலில், பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி தனது வாடிக்கையாளர் கணக்குகளை ஒரு வார இறுதியில் பழைய கணினி அமைப்பிலிருந்து புதியதற்கு மாற்றியது. விவரங்கள் சரியாகவே போய்ச் சேர்ந்தன. ஆனால் புதிய அமைப்பு சுமையைத் தாங்கவில்லை. சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களில் 19 லட்சம் பேர் வரை தங்கள் கணக்குகளைத் திறக்க முடியாமல் தவித்தனர். வங்கியின் பணிகள் முழுமையாக இயல்பு நிலைக்குத் திரும்ப அந்த ஆண்டின் டிசம்பர் ஆயிற்று. 2022 டிசம்பரில் அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்புகள் 4 கோடியே 86.5 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தன. படிப்படியாக மாற்றாமல் பெரும்பகுதியை ஒரே நிகழ்வாக மாற்றத் துணிந்ததே ஆபத்தைக் கூட்டியது என்று, வங்கி நியமித்த வழக்கறிஞர் குழுவின் அறிக்கையும் 2019-இல் சுட்டிக்காட்டியது. வங்கிக் கணக்கு வேறு, மின்னஞ்சல் வேறு என்பது உண்மைதான். எனினும், சோதனையில் பத்துப் பேருக்கு நன்றாக ஓடும் ஒன்று, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாரும் ஒருசேரக் கதவைத் தட்டும்போது அப்படியே ஓடும் என்ற நம்பிக்கை இரண்டு இடத்திலும் ஒன்றே.

எதிர்வாதங்கள் இல்லாமல் இல்லை. இரண்டு சர்வர்களுக்கும் ஒரே நேரத்தில் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கிறது. ஆறு வாரம் இழுத்தால் ஊழியர்கள் சலித்துப்போகின்றனர். ஏழெட்டுப் பேர் மட்டுமே உள்ள அலுவலகத்துக்கு இத்தனை ஏற்பாடு தேவையா என்றால், தேவையில்லை என்றே நாங்களும் சொல்வோம். அவர்கள் ஒரு சனிக்கிழமை மாலையில் தாராளமாக மாறிக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட வலுவான எதிர்வாதம் ஒன்றுண்டு. படிப்படியாக என்று தொடங்கியது முடிவே இல்லாமல் நீள்வதும், யாரோ இருவருக்காகப் பழைய சர்வர் ஆண்டுக்கணக்கில் கவனிப்பாரின்றி ஓடிக்கொண்டிருப்பதும் நடப்பவையே. கவனிப்பாரற்ற சர்வர் திருடனுக்குத் திறந்துவைத்த பின்கதவு. ஆகையால் தொடங்கும் நாளைக் குறிக்கும்போதே மூடும் நாளையும் எழுத்தில் குறித்துவிட வேண்டும்.

இனி, கணக்குப் பிரிவைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்கான காரணம். மாதத்தின் 7-ஆம் நாளுக்குள் டிடிஎஸ் செலுத்த வேண்டும். மாதந்தோறும் கணக்கு அளிப்பவர்களுக்கு 11-ஆம் நாள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் நாள் ஜிஎஸ்டிஆர்-3பி. வரித்துறைத் தளங்களின் ஒருமுறைக் கடவுச்சொற்களும் வங்கியின் அறிவிப்புகளும் வந்து சேருவது அந்தப் பிரிவின் பெட்டியில். அங்கே ஒரு நாள் அஞ்சல் நின்றால் அபராதமும் வட்டியும் நிற்காது. மற்றப் பிரிவுகளில் நேர்ந்த பிழைகளையெல்லாம் திருத்தி முடித்த பிறகு, 20-ஆம் நாளுக்குப் பிறகும் மாத இறுதிச் சம்பளத்துக்கு முன்புமாகக் கிடைக்கும் அந்த ஐந்தாறு நாள் இடைவெளியில் அவர்களை மாற்றுவதே முறை.

இன்னொரு காரணமும் உண்டு. அதுவே எங்களை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. அலுவலகம் சர்வர் மாற்றும் வாரங்கள் மோசடிக்காரனுக்கு அறுவடைக் காலம். 'எங்கள் அஞ்சல் அமைப்பு மாறியுள்ளது; கடவுச்சொல்லை இங்கே மீண்டும் பதியவும்' என்று ஒரு போலி அஞ்சல் வந்தால், மற்ற நாள்களில் ஐயுறும் ஊழியர் அந்த வாரத்தில் ஐயுறமாட்டார். மாற்றம் நடப்பது உண்மைதானே! அவ்வாறு ஒருவரது பெட்டிக்குள் நுழைந்தவன் அவசரப்பட்டு எதையும் செய்வதில்லை. யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று படித்துவிட்டு, உரிய நேரத்தில் வணிகக் கூட்டாளி ஒருவரின் பெயரில் எழுதுவான்: 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இம்முறை இந்த எண்ணுக்குச் செலுத்தவும்.'

எங்களுக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில், மாற்றத்தின் மூன்றாம் வாரத்தில், சிவகாசி அச்சகம் ஒன்றின் பெயரில் இப்படி ஓர் அஞ்சல் வந்தது. தொகை நான்கு லட்சத்துக்கும் மேல். பட்டியல் எண் சரி, தொகை சரி, கையொப்பமும் வழக்கமானதே. அங்கிருக்கும் மூத்த காசாளர் அந்த அஞ்சலுக்குப் பதில் எழுதவில்லை. தமது பழைய நோட்டில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்து, "அண்ணாச்சி, உங்க பேங்க் கணக்கு மாறிருச்சா?" என்று கேட்டார். "நான் ஏன் மாத்தப்போறேன்?" என்று மறுமுனை திகைத்தது. பணம் தப்பியது. மாற்றம் நடக்கும் காலம் முழுவதும், வங்கிக் கணக்கு எண்ணை மாற்றச் சொல்லும் எந்த அஞ்சலையும் ஏற்பதில்லை, ஏற்கெனவே அறிந்த தொலைபேசி எண்ணில் பேசிய பின்பே பரிசீலிப்பது என்று எழுத்தில் ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். அஞ்சலின் அடியில் தரப்பட்டிருக்கும் எண்ணை அழைப்பதில் பயனில்லை. அதை எடுப்பவனும் அவனே. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதியாமல் 1930 என்ற எண்ணையும் உங்கள் வங்கிக் கிளையையும் அழைக்க வேண்டும்.

வங்கிகளே இத்தகைய ஒரு முகவரி மாற்றத்தை அண்மையில் மேற்கொண்டன. போலி இணையதளங்களைத் தடுக்கும் பொருட்டு, வங்கிகளுக்கு மட்டுமே உரிய பேங்க்.இன் என்ற டொமைனை ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்தது. ஐதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி நிறுவனம் மட்டுமே அதைப் பதிந்து தரும். அக்டோபர் 31-க்குள் மாற்றத்தை முடிக்குமாறு ஏப்ரலில் சுற்றறிக்கை வந்தது. எவர் வேண்டுமானாலும் விலைக்கு வாங்க இயலாத பெயர் என்பதே இதன் வலிமை. இப்போது வங்கியின் பெயரால் ஓர் இணைப்பு வந்தால், அதன் முகவரி பேங்க்.இன் என்று முடிகிறதா என்பதை முதலில் பாருங்கள்.

வங்கிக்கு வாய்த்த இந்த வசதி சிறு நிறுவனத்துக்கு இல்லை. உங்கள் டொமைன் பெயர் நீங்கள் ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வரைதான் உங்களுடையது. சர்வரை மட்டும் மாற்றிப் பெயரை வைத்துக்கொண்டால் கவலை குறைவு. ஆனால் சிலர் சர்வரோடு பெயரையும் மாற்றுகின்றனர். பழைய பெயருக்கு எதற்கு வீண் செலவு என்று புதுப்பிக்காமல் விட்டுவிடுகின்றனர். அது காலாவதியானதும் எவரும் அதை வாங்கலாம். வாங்கியவருக்கு, அந்தப் பழைய முகவரிக்கு இன்னும் வந்துகொண்டிருக்கும் கடிதங்களும், 'கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்' என்று சொன்னால் வரும் மீட்பு இணைப்புகளும் சொந்தமாகிவிடும். ஆண்டுக்குச் சில நூறு அல்லது ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் மிச்சப்படுத்தப்போய் அலுவலகச் சாவியைத் தெருவில் வைத்துவிட்டு வருவது போன்றது இது. பழைய பெயரை இன்னும் சில ஆண்டுகளாவது கையில் வைத்திருங்கள். வங்கியிலும் வரித்துறைத் தளங்களிலும் பதிவு செய்த மின்னஞ்சல் முகவரியை, பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றத்தை உறுதிசெய்யும் செய்தி பழைய முகவரிக்கும் வரக்கூடும் என்பதைப் பலர் பெட்டியை மூடிய பிறகே உணர்கின்றனர்.

அனுப்பும் பக்கத்திலும் ஒரு கவனம் தேவை. உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தெந்த சர்வருக்கு அதிகாரம் உண்டு என்பதை எஸ்பிஎஃப் என்னும் பதிவு உலகுக்கு அறிவிக்கிறது. இரண்டு சர்வர்களும் ஓடும் வாரங்களில் இரண்டின் பெயரும் அதில் இருக்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இத்தகைய சான்று இல்லாத அஞ்சல்களிடம் மிகவும் கண்டிப்பாக நடந்துகொள்கின்றன. பழைய சர்வரை மூடிய அன்றே அதன் பெயரைப் பதிவிலிருந்து நீக்கவும் மறக்கலாகாது.

மூடும் நாளுக்கு முந்தைய வாரம், பழைய வாசலுக்கு இன்னும் யார் வருகின்றனர் என்று சர்வரின் பதிவுகளைப் புரட்டிப் பார்ப்போம். பெரும்பகுதி குப்பை அஞ்சல்கள். அவற்றினிடையே ஒரு காப்பீட்டு நினைவூட்டல், வீட்டு வசதிச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு, பழைய முகவரிக்கே நேராக எழுதும்படி தன் கணினியைப் பல்லாண்டுக்கு முன் அமைத்துவிட்ட திருப்பூர் வணிகர் ஒருவரின் விலைப்பட்டியல். அந்த மூவருக்கும் தொலைபேசியில் பேசி முடித்த பிறகே சர்வரின் மின்சாரத்தை நிறுத்துகிறோம்.